ஆறு நாளில் எத்தனை ஊர்? – ஒரு பயணக் கணக்கு



தேர்வு முடிந்து விடுமுறை வருகிறது என்றவுடன் நம் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு எழும். "இந்த ஆண்டு எங்கே போகலாம்?" என்பதே அது. உடனே தேசப்படம் விரிக்கப்படும். ஒருவர் உதகை என்பார். மற்றவர் மாமல்லபுரம் என்பார். கடைக்குட்டி எல்லா ஊரையும் சொல்லும். எல்லாருடைய ஆசையையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதி, அதற்குப் பயணத் திட்டம் என்று பெயர் சூட்டிவிடுவோம். ஆனால் பட்டியல் வேறு, திட்டம் வேறு. அந்த வேறுபாட்டை என் குடும்பம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

1990-ஆம் ஆண்டு மே மாதம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் தந்தையார் நூற்பாலையில் பிட்டர் வேலை பார்த்து வந்தார். ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமுமாகப் பதினொரு பேர் சேர்ந்து வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். அப்பா ஒரு தாளில் ஊர்களை வரிசையாக எழுதினார்: மதுரை, கொடைக்கானல், உதகை, ஏற்காடு, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், இராமேசுவரம், கன்னியாகுமரி. எல்லாரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அப்பத்தாவிடம் வந்தார்.

"ஏய்யா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். கடல மட்டும் ஒரு தடவ பாத்துரணும்" என்றார் அப்பத்தா.

அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர், கடலைக் கண்டதில்லை.

"அதுக்கென்னம்மா, கடைசி நாள் கன்னியாகுமரிதான். ஆசை தீரப் பாத்துக்கோங்க" என்றார் அப்பா.

அப்பா கணக்குப் போடாமல் புறப்படவில்லை. மொத்தத் தூரம் சுமார் 2,000 கிலோமீட்டர், ஐந்து நாள், ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர், வேன் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும், ஆகவே நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. தாளில் பார்க்க எவ்வளவு எளிமை!

நடந்தது என்ன? முதல் நாளே கொடைக்கானல் மலைப்பாதையில் குழந்தைகளுக்கு வாந்தி. வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏறினோம். ஏரியை இருட்டில்தான் பார்த்தோம். இரண்டாம் நாள் உதகை சேரும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. மலர்த் தோட்டத்தை மறுநாள் விடியலில் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு இறங்கினோம். மூன்றாம் நாள் இரவு சேலத்தைக் கடந்து சென்றுகொண்டிருந்தபோது ஓட்டுநர் அண்ணன் கண்ணயர்ந்துவிட்டார். வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னதாக நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்த அமைதியில் என் தாயார் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு இரவிலும் சேர்த்து அந்த அண்ணன் தூங்கியது ஆறு மணி நேரம்கூட இருக்காது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவரைத் தூங்கவிடாத திட்டம் எங்களுடையதாயிற்றே!

விடிந்ததும் ஊர் திரும்பினோம். கன்னியாகுமரி தாளில் மட்டுமே இருந்தது. அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. "பிள்ளைக பத்திரமா வந்து சேந்துச்சே, அது போதும்" என்றார். அடுத்த தை மாதத்தில் அவர் காலமானார். இராசபாளையத்திலிருந்து கன்னியாகுமரி 180 கிலோமீட்டர்தான். ஒரே நாளில் போய்விடலாம். அதைத்தான் நாங்கள் கடைசி வரியில் எழுதினோம்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

1. கையிலிருக்கும் பொழுது எவ்வளவு?

ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்பது கடிகாரத்தின் கணக்கு. பயணிக்குரிய கணக்கு பகற்பொழுது மட்டுமே. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரை பாகை அளவில் இருப்பதால், ஆண்டு முழுவதும் நம் பகல் பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. கோடையில் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் என்று கொள்ளலாம். அதைப் பங்கிட்டுப் பாருங்கள்:

உணவுக்கு 2 மணி.
தேநீர், கழிப்பிடம், எரிபொருள் போன்ற நிறுத்தங்களுக்கு 1 மணி.
ஊர்களைப் பார்ப்பதற்கு 4½ மணி.
மீதி, சாலைக்கு 5 மணி.

பெண்களும் முதியோரும் குழந்தைகளும் செல்லும் வண்டி இரண்டு மணிக்கு ஒரு முறையேனும் நல்ல கழிப்பிடம் உள்ள இடத்தில் நிற்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே பயணம் செய்யும் பெண்கள் பலர். திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டால் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

2. வேகம் வேறு, சராசரி வேகம் வேறு

அப்பா செய்த பெரிய பிழை இங்கேதான். வண்டியின் முள் 60-ஐக் காட்டுவதால் ஒரு மணியில் 60 கிலோமீட்டர் போய்விட முடியாது. கடைத்தெரு, ரயில்வே கேட், வேகத்தடை, ஆட்டு மந்தை, பேருந்து நிறுத்தம் என எத்தனையோ குறுக்கிடும். இன்றைய நல்ல சாலைகளிலும், நான்குவழிச் சாலையும் ஊர்ச் சாலையும் கலந்து வரும்போது, மணிக்கு 45 கிலோமீட்டர் என்று கணக்கிடுவதே பாதுகாப்பானது. அன்றைய சாலைகளுக்கு 40 என்றாலே மிகை.

மலைப்பாதை சேர்ந்தால் கணக்கு இன்னும் மாறும். மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதில் பாதி சமவெளி, பாதி மலை என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகம், மலையில் 20 கிலோமீட்டர் வேகம். சராசரி என்ன? 60-ஐயும் 20-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து "40" என்று உடனே விடை சொல்லும் மாணவிகள் உண்டு. அது தவறு. சமவெளி 60 கிலோமீட்டருக்கு 1 மணி. மலை 60 கிலோமீட்டருக்கு 3 மணி. ஆக 120 கிலோமீட்டருக்கு 4 மணி. சராசரி வேகம் 30 தான்! மெதுவாகச் செல்லும் பாதையே நம் நேரத்தை மிகுதியாக விழுங்குகிறது. இதை நினைவிற் கொள்க.

3. அளவுகோல் காட்டும் தூரமும் சாலைத் தூரமும்

இராசபாளையமும் கன்னியாகுமரியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 77½ பாகையில் அமைந்திருக்கின்றன. தேசப்படத்தில் அளவுகோலை நேராக வைத்தால் சுமார் 150 கிலோமீட்டர் வரும். சாலையிலோ சங்கரன்கோவில், திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக 180 கிலோமீட்டர். சமவெளியில் இப்படி ஐந்தில் ஒரு பங்கு கூடும். மலைநாட்டில் இந்த விதி செல்லாது. நம் ஊருக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் 90 கிலோமீட்டருக்கும் குறைவு. சாலையில் போனால் ஏறத்தாழ இரு மடங்கு. குறுக்கே நிற்கும் மலைத்தொடர் வழிவிட வேண்டுமே!

4. அப்பாவின் கணக்கைத் திருத்துவோம்

இப்போது பழைய திட்டத்தை மறுபடி எடுங்கள். 2,000 கிலோமீட்டரை 40-ஆல் வகுத்தால் 50 மணி. ஐந்து நாளின் பகற்பொழுது 62½ மணி. உணவுக்கும் நிறுத்தங்களுக்கும் நாளுக்கு 3 மணி வீதம் 15 மணி. 50-ம் 15-ம் சேர்ந்தால் 65. கையிலிருப்பதோ 62½. அதாவது ஒன்பது ஊர்களையும் பார்ப்பதற்கு மிஞ்சிய நேரம், கழித்தல் இரண்டரை மணி! அந்தக் கடனைத்தான் நாங்கள் ஓட்டுநரின் தூக்கத்திலிருந்து வாங்கினோம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தப் பயணம் தோற்றுவிட்டது. ஐந்து நிமிடம் செலவிட்டு இந்த வகுத்தலைச் செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

5. தமிழகம் சிறிய ஊரா?

ஒரு வாரத்தில் தமிழகத்தையே சுற்றிவிடலாம் என்று நினைப்போர் ஓர் ஒப்புமையைக் கேளுங்கள். இலங்கை என்பது ஒரு தனி நாடு; அதன் பரப்பு சுமார் 65,600 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ இரண்டு இலங்கை! ஒரு நாட்டைச் சுற்றுவதைக் காட்டிலும் பெரிய வேலையை அல்லவா நாம் ஐந்து நாளில் முடிக்க நினைத்தோம்?

இந்தியா முழுவதையும் எண்ணிப் பாருங்கள். சீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. நாளுக்கு 225 கிலோமீட்டர் வீதம் சென்றால் ஒரு வழிக்கு மட்டும் 17 நாள். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு மாநகரங்களையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் நீளம் 5,846 கிலோமீட்டர். அதே வீதத்தில் 26 நாள். இதில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. ஆகவே "நாட்டைச் சுற்றிப் பார்த்தோம்" என்று ஒரு வாரத்தில் திரும்பி வருவோர் பார்த்தது பெரும்பாலும் வண்டியின் சன்னலையே எனலாம்.

அவ்வளவு நாள் இல்லாதவர் என்ன செய்வது? தொலைதூரத்துக்கு இரவு ரயிலே சிறந்தது. நம் இரண்டு ஊர்களின் வழியாகவும் செல்லும் பொதிகை விரைவு ரயில் இரவெல்லாம் ஓடிச் சென்னை எழும்பூர் சேர்க்கிறது. நாம் தூங்கும் நேரமும் பயண நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பகல் முழுதும் கையில் மிஞ்சுகிறது.

6. பூட்டிய கதவுகள்

ஓர் ஊரை அடைவது மட்டும் போதாது. அது திறந்திருக்கும் நேரத்தில் அடைய வேண்டும். கோயில்கள் பல, நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கும். நம் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து ஒரு மணிக்கு வந்து வெயிலில் காத்திருக்கும் குடும்பங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கன்னியாகுமரியில் பாறைக்குச் செல்லும் படகு மாலை வரை ஓடாது. காற்றும் அலையும் மிகுந்தால் பகலிலேயே நின்றுவிடும். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் செல்வோருக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. திருவிழா நாள்களில் ஊருக்குள் வண்டியே நுழைய முடியாது. ஆகவே ஒவ்வோர் ஊரின் பக்கத்திலும் தூரத்தை மட்டுமன்றித் திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள், அனுமதி ஆகியவற்றையும் எழுதுக.

7. ஓட்டுநரும் மனிதரே

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. வயது வந்த தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்பது அதன் பொது விதியாக இருந்தது. தொலைதூர வழிகளுக்கு 10 மணி வரை இடமிருந்தது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அச்சட்டம். நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் இருக்கட்டும், மனச்சான்று என்ன சொல்கிறது? நாம் விடுதியில் படுத்துறங்கும்போது அவர் வண்டியிலேயே முடங்கிக் கிடக்கலாமா? அவருக்கும் ஒரு படுக்கை, ஒரு மின்விசிறி, நம்மோடு ஒரு சாப்பாடு என்பதைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். "இரவு எட்டு மணிக்குமேல் வண்டி ஓடாது" என்பதைத் திட்டத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். பெற்றோர்களுக்கும் இதையே வேண்டுகோளாக வைக்கிறேன்.

8. மாதிரித் திட்டம்

இனி, இராசபாளையத்திலிருந்து புறப்பட்டு ஆறு நாளில் திரும்பும் ஒரு திட்டத்தைக் காண்போம். போன வழியே திரும்பாமல் வளையமாக வருவதால் பெரும்பாலும் ஒரே சாலையை இரு முறை பார்க்க வேண்டியதில்லை. தூரங்கள் யாவும் ஏறத்தாழக் குறிக்கப்பட்டவை.

முதல் நாள் – 180 கி.மீ.: அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பாடு. சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியே நாகர்கோவில். கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தின் கல்லறையைக் காணலாம். நண்பகலில் கன்னியாகுமரி. மாலை முழுவதும் கடலுக்கே. வேறெங்கும் ஓட வேண்டாம்.

இரண்டாம் நாள் – 130 கி.மீ.: விடியலில் கதிரவன் எழுவதைக் கண்டு, எட்டு மணியளவில் தொடங்கும் படகில் 1970-இல் அமைந்த விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்குச் செல்லலாம். 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கு அங்கிருந்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் வழியே நடந்தே போகலாம். பகலுணவுக்குப்பின் உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் எனக் கடலோரமாகவே தூத்துக்குடி. மணப்பாட்டில் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை உண்டு.

மூன்றாம் நாள் – 180 கி.மீ.: காலையில் பனிமய மாதா பேராலயம், உப்பளங்கள். பின்னர் இராமநாதபுரம் வழியே பாம்பன். 1988-க்கு முன் இத்தீவுக்குச் சாலையே கிடையாது; 1914-இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றே வழி. 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதன்மேல் நின்று பார்த்தால் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் தெரியும். இரவு இராமேசுவரம்.

நான்காம் நாள் – 190 கி.மீ.: காலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயலில் ஒரே இரவில் அழிந்த ஊர் அது. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர் அருகே சற்றே மௌனமாக நில்லுங்கள். பிறகு காரைக்குடி, செட்டிநாட்டு வீடுகள், இரவு அங்கேயே.

ஐந்தாம் நாள் – 155 கி.மீ.: அதிகாலையில் புறப்பட்டுப் புதுக்கோட்டை வழியாக, நடை சாத்துமுன் தஞ்சைப் பெரிய கோயில். இராசராச சோழன் 1010-இல் கட்டி முடித்தது. மாலையில் திருச்சி.

ஆறாம் நாள் – 220 கி.மீ.: காலை ஆறுக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் மதுரை. 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகம் அல்லது திருமலை நாயக்கர் அரண்மனை, இரண்டில் ஒன்று மட்டும். பகலுணவு. திருமங்கலம், திருவில்லிபுத்தூர் வழியாக இருட்டுமுன் வீடு.

மொத்தம் 1,055 கிலோமீட்டர். 45-ஆல் வகுக்க ஏறத்தாழ 23½ மணி. ஆறு நாளின் பகற்பொழுது 75 மணி. உணவுக்கும் நிறுத்தத்துக்கும் 18 மணி. மீதி 33½ மணி! பழைய திட்டத்தில் கடனாக நின்ற நேரம் இதில் சேமிப்பாக நிற்பதைக் காண்க. வழியில் சக்கரம் பழுதானாலும், மழை பெய்தாலும், தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலும் ஓர் அரை நாளை இழக்க இத்திட்டத்தால் முடியும்.

9. செலவுக் கணக்கு

ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 1,100 கிலோமீட்டர் என்போம். வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுமானால் 110 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10,450 ரூபாய். பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 1,045 ரூபாய். இதனோடு வண்டி வாடகை, ஓட்டுநர் படி, சுங்கச் சாவடிக் கட்டணம், விடுதி, உணவு, நுழைவுச் சீட்டு ஆகியவற்றையும் கூட்டி, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒரு உறையில் வையுங்கள். அந்த உறை பிரிக்கப்படாமல் வீடு திரும்பினால் அதுவே நல்ல திட்டத்துக்குச் சான்று.

10. விட்டுவிடும் கலை

"உதகை இல்லையா? மாமல்லபுரம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லை. நல்ல திட்டத்தின் அடையாளம் சேர்த்தவற்றில் மட்டுமல்ல, விட்டவற்றிலும் இருக்கிறது. அகலக் கால் வைக்காதே என்று நம் முன்னோர் சொன்னது பயணத்துக்கும் பொருந்தும். விட்ட ஊர்கள் எங்கும் ஓடிப்போவதில்லை. அவற்றை அடுத்த ஆண்டுத் தாளில் எழுதுங்கள். விடுமுறை இரண்டே நாள்தான் என்றால் கன்னியாகுமரி மட்டும். ஒரே நாள் என்றால் செண்பகத்தோப்பு. 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டில் வாழும் சாம்பல்நிற அணிலைக் காண வெளிமாநிலத்தார் வருகிறார்கள். அருகிலேயே இருக்கும் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

ஊர்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான் இப்பாடத்தின் கடைசி விதி. என் வரையில் அதுவே முதல் விதியும்கூட. பயணத்தில் தடை வருமானால் அடிபடுவது எப்போதும் பட்டியலின் கடைசி வரியே. ஆகவே எவரெவருக்கு மறுபடி ஒரு வாய்ப்புக் கிட்டாமல் போகலாமோ, அவர்களுடைய ஆசையை முதல் வரியில் எழுத வேண்டும். குழந்தைகளுக்கு இன்னும் எத்தனையோ கோடை விடுமுறைகள் வரும். அப்பத்தாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் அப்படி அல்ல.

நான் ஆசிரியையாகி முதல் சம்பளம் வாங்கியதும் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குச் சென்றேன். காலையில் புறப்பட்டோம், நண்பகலில் கடற்கரையில் நின்றோம். அவ்வளவு அருகில் இருந்தது அது. அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தண்ணீரில் இறங்கி, கால் நனைய நின்று, "முத நாளே இங்க வந்திருக்கலாம்மா" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. மாதிரித் திட்டத்தின் முதல் நாள் ஏன் கன்னியாகுமரி என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பயிற்சி

(அ) ஒரு வண்டி 90 கிலோமீட்டரை மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து, அதே வழியே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? (விடை: 36. "37½" என்று எழுதியவர் இரண்டாம் பகுதியை மீண்டும் படிக்கவும்.)

(ஆ) மாதிரித் திட்டத்தில் நான்காம் நாள் காலை வண்டி பழுதாகி நான்கு மணி நேரம் வீணாகிறது. எதை விடுவீர்கள்? ஏன்? பத்து வரிகளில் எழுதுக.

(இ) இன்றிரவு உணவுக்குப்பின், உங்கள் வீட்டில் வயதில் மூத்தவரிடம், "நீங்கள் இதுவரை பார்க்காத, பார்க்க ஆசைப்படும் இடம் எது?" என்று கேளுங்கள். அவர் "எனக்கெதுக்கு" என்பார். இன்னொரு முறை கேளுங்கள். வரும் விடையை ஒரு தாளின் முதல் வரியில் எழுதி, அதற்குப் பக்கத்தில் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, உங்கள் பெற்றோரிடம் கொடுங்கள்.

இந்த மூன்றாவது பயிற்சிக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

– புவியியல் ஆசிரியை